குடல் அழற்சி நோயும் கர்ப்பமும்: ஆபத்து மருந்திலா, நோயிலா?

கர்ப்பம் உறுதியானதும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "இனி மாத்திரை எதையும் தொடாதே" என்பதுதான். சாதாரணத் தலைவலிக்கும் சளிக்கும் அது பொருந்தும். குடல் அழற்சி நோய் உள்ள பெண் அதைக் கேட்டு நடந்தால் பெரும்பாலும் நேர்வது வேறு. மருந்து நின்ற சில வாரங்களில் வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் திரும்புகின்றன. ரத்தசோகை வருகிறது, எடை ஏறாமல் நிற்கிறது, கடைசியில் குறைப்பிரசவம் வரை போகிறது. மருந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் சில மருந்துகளுக்கு மட்டுமே உரியது. மற்றவற்றை நிறுத்துவதுதான் ஆபத்து. எது எந்தப் பக்கம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்

குடல் அழற்சி நோய் என்பது இரண்டு நோய்களுக்கான பொதுப்பெயர்.

1. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடலின் உட்படலத்தில் மட்டும் வரும் புண். மலக்குடலில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் மேல்நோக்கிப் பரவும்.
2. கிரோன்ஸ் நோய்: வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இடைவெளி விட்டு விட்டு வரும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவதால் குடல் சுருங்கி அடைப்பதும், ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரம் உண்டாவதும் இதில் அதிகம்.

இரண்டுமே நோய் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குவதால் வருபவை. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதை ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோயோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஐபிஎஸ்ஸில் புண்ணோ அழற்சியோ கிடையாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

இனி வரும் இரண்டு சொற்கள் முக்கியம். அழற்சி அடங்கியிருக்கும் காலம் 'தணிவு'. அடங்கிய நோய் மீண்டும் கிளம்புவது 'ஃப்ளேர்'.

கருத்தரிக்கும்போது நோய் எந்த நிலையில் இருக்கிறது?

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். நோய் கிளர்ந்திருக்கும்போது கருத்தரிக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கர்ப்பகாலத்தில் குறைகிறது, ஒரு பங்கினருக்கு அப்படியே நீடிக்கிறது, ஒரு பங்கினருக்கு மோசமாகிறது. தணிவில் இருக்கும்போது கருத்தரித்தால், மூன்றில் இரண்டு பங்கினர் தணிவிலேயே பிரசவம் வரை போகிறார்கள். மீதி ஒரு பங்கினருக்கு ஃப்ளேர் வருகிறது என்றாலும், கர்ப்பம் இல்லாத நோயாளிகளுக்கும் 9 மாதத்தில் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். ஆக, கர்ப்பம் தானாக நோயைத் தூண்டுவதில்லை. தொடக்கத்திலேயே கிளர்ந்திருக்கும் நோயை அடக்குவதுதான் கடினமாகிறது.

கிளர்ந்த நோய் கருவை எப்படிப் பாதிக்கிறது? அழற்சி நடக்கும்போது சுரக்கும் வேதிப்பொருட்கள் குடலோடு நிற்பதில்லை. அவை ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியின் செயலையும் கர்ப்பப்பையின் அமைதியையும் குலைக்கின்றன. கூடவே தாய்க்கு உணவு செரித்து உடலில் சேர்வதில்லை, இரும்புச்சத்து வெளியேறுகிறது. இதன் விளைவாகக் கருச்சிதைவு, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது.

அதனால்தான் ஸ்டீராய்டு இல்லாமல் 3 முதல் 6 மாதம் தணிவில் இருந்த பிறகு கருத்தரிப்பதே இலக்காக வைக்கப்படுகிறது. "எனக்கு இப்போது வலி இல்லை" என்பது தணிவுக்குப் போதுமான சான்றல்ல. கிரோன்ஸில் அறிகுறியே இல்லாமல் உள்ளே புண் இருக்கும். கொலனோஸ்கோபி, மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஆகியவற்றால் உறுதிசெய்த தணிவுதான் கணக்கில் வரும். கொலனோஸ்கோபி தேவையென்றால் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

தணிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் கருத்தடை அவசியம். ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், குடல் அழற்சியும் அதையே செய்யும். சிறுகுடல் பாதித்திருந்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். கருப்பைக்குள் வைக்கும் சாதனம் இந்த இரண்டு சிக்கலையும் தவிர்க்கிறது.

குழந்தை பிறக்குமா, நோய் குழந்தைக்கும் வருமா?

நோய் தணிவில் இருக்கும், அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத பெண்களின் கருத்தரிக்கும் திறன் மற்றப் பெண்களுடையதைப் போன்றதே. இரண்டு இடங்களில் அது குறைகிறது. ஒன்று, கிளர்ந்த கிரோன்ஸ். இன்னொன்று, பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியைப் பைபோல் மடித்து ஆசனவாயோடு இணைக்கும் பவுச் அறுவை. இடுப்புக் குழிக்குள் ஆழமாகச் செய்யும் இந்த அறுவைக்குப் பிறகு கருக்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொள்வதே காரணம். லேப்ராஸ்கோப்பியில் செய்தால் ஒட்டுதல் குறைவு. ஏற்கெனவே பவுச் உள்ளவர்களுக்குச் சோதனைக்குழாய் முறை கைகொடுக்கிறது. அவர்கள் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திராமல் முன்னதாகவே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கணவருக்கு இந்த நோய் இருந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் சல்ஃபாசலசின் என்ற குடல் அழற்சி மாத்திரையை எடுக்கிறாரா என்பது. அது விந்தணுக்களின் எண்ணிக்கையையும் நீந்தும் திறனையும் குறைக்கும். நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், முயற்சி தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே அதே வகை மருந்தான மெசலமைனுக்கு மாறிவிட வேண்டும். மனைவிக்கு மட்டும் சோதனைமேல் சோதனை நடந்து, கணவரின் மாத்திரைச் சீட்டை யாரும் பார்க்காமல் மாதங்கள் வீணாவது வருத்தத்துக்குரியது.

மரபு விஷயம்: பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சில சதவீதமே. அதாவது பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு வருவதில்லை. இருவருக்கும் இருந்தால் அது பல மடங்கு கூடி, மூன்றில் ஒன்றை நெருங்குகிறது.

கருத்தரிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. குடல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே மருந்துப் பட்டியலைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் தொடரச் சொல்வதை மற்றவர் நிறுத்தச் சொல்வதுதான் நடைமுறையில் அதிகம் நேரும் பிழை.
2. ஃபோலிக் அமிலம்: பொதுவாகப் பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். சல்ஃபாசலசின் ஃபோலேட் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். அதை எடுப்பவர்களுக்குத் தினம் 2 மில்லிகிராமாவது வேண்டும். சிறுகுடல் நோயோ வெட்டி எடுத்த குடலோ உள்ளவர்களுக்கும் மருத்துவர் கூடுதல் அளவு சொல்வார்.
3. ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்புச்சத்தைக் காட்டும் அளவு), பி12, வைட்டமின் டி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படுகிறது. அது வெட்டப்பட்டிருந்தால் மாத்திரையை நம்பாமல் ஊசியாகப் போட்டுக்கொள்வது உறுதியான வழி. ஃபெரிட்டின் 30க்குக் கீழ் போனால் இரும்புச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், அப்போது 100க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று சந்தேகிக்க வேண்டும்.
4. தடுப்பூசிகள்: ரூபெல்லா, அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைக் கர்ப்பத்திலும் போட முடியாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும்போதும் போட முடியாது. ஆகவே இதை மிக முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.
5. புகைப்பழக்கம் இருந்தால் விடுவது. கிரோன்ஸை அது நேரடியாக மோசமாக்கும்.

மருந்துகள்: நிறுத்த வேண்டியவை

இந்தப் பட்டியல் சிறியது, ஆனால் கண்டிப்பானது.

1. மெத்தோட்ரெக்சேட்: கருவின் உறுப்புகள் உருவாவதைக் கெடுக்கும், கருச்சிதைவையும் உண்டாக்கும். பெண்கள் கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது 3 மாதம் நிறுத்தியிருக்க வேண்டும். வெறுமனே நிறுத்தினால் போதாது. அதன் இடத்தில் வேறு மருந்து வந்து, நோய் அடங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே முயற்சி.
2. தாலிடோமைடு: எந்த நிலையிலும் கூடாது.
3. டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பு மாத்திரைகள் (அழற்சியைத் தூண்டும் ஜாக் நொதிகளைத் தடுப்பவை): மூலக்கூறு மிகச் சிறியது. கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களிலேயே நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும். கருத்தரிக்கும் முன் குறைந்தது 4 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும்.
4. ஓசானிமோட்: உடலில் நெடுநாள் தங்குவதால் 3 மாதம்.

இவற்றில் ஏதாவது ஒன்றை எடுக்கும்போது எதிர்பாராமல் கர்ப்பம் தெரிந்தால், மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அன்றே தொடர்புகொள்ள வேண்டும். கர்ப்பத்தை என்ன செய்வது என்ற முடிவை அவசரத்தில் எடுக்கக்கூடாது. எந்த வாரத்தில், எந்த அளவில் மருந்து உடலில் இருந்தது என்று கணக்கிட்டு, விரிவான ஸ்கேன் பார்த்த பிறகே பேச வேண்டிய விஷயம் அது.

ஆன்டிபயாட்டிக்குகளில் சிப்ரோஃப்ளாக்சசினைத் தவிர்ப்பார்கள். மெட்ரோனிடசோலை முதல் மூன்று மாதங்களிலும், அதன் பிறகு நீண்ட நாட்களுக்கும் கொடுக்கத் தயங்குவார்கள். பவுச் அழற்சிக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலம் மாற்றாகிறது.

மருந்துகள்: தொடர வேண்டியவை

மெசலமைன் மாத்திரை, எனிமா, சப்போசிட்டரி எல்லாமே தொடரலாம். சல்ஃபாசலசினும் பெண்களுக்குப் பாதுகாப்பானதே, ஃபோலிக் அமிலம் கூடுதலாக எடுக்கும்வரை.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோப்ரின் ஏற்கெனவே ஒத்துப்போய்க்கொண்டிருந்தால் தொடரலாம். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை. காரணம் கரு அல்ல. அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், புதிதாக எடுப்பவர்களில் சிலருக்குக் கணைய அழற்சியோ வெள்ளணுக் குறைவோ வரும். அதைக் கர்ப்பத்தில் சோதித்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை.

பிரெட்னிசலோன் ஃப்ளேரை அடக்கப் பயன்படும், நாள்பட எடுக்கும் மருந்தல்ல. நஞ்சுக்கொடியில் உள்ள நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்வதால் கருவுக்குச் சேர்வது குறைவு. ஆனாலும் தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவும் ரத்த அழுத்தமும் வர வழிவகுக்கும்.

உயிரியல் மருந்துகள் என்று சொல்லப்படும் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் ஊசிகள்தான் அதிகக் குழப்பத்துக்கு உள்ளானவை. இவை ஐஜிஜி வகை எதிர்ப்புரதங்கள், மூலக்கூறு மிகப் பெரியது. தானாக நஞ்சுக்கொடியைக் கடக்க முடியாது. தாயின் எதிர்ப்புரதங்களைக் குழந்தைக்கு ஏற்றிவிட நஞ்சுக்கொடியில் ஓர் ஏற்பி இருக்கிறது. அந்த வாகனத்தில் ஏறித்தான் இந்த மருந்தும் போகிறது. முதல் மூன்று மாதங்களில், உறுப்புகள் உருவாகும் வேளையில், இந்தப் போக்குவரத்து மிகச் சொற்பம். நடு மூன்று மாதங்களில் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் உச்சம் தொடுகிறது. பிறக்கும்போது இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் அளவு தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாக இருப்பதுண்டு. ஏற்பி பிடித்துக்கொள்ளும் வால் பகுதி செர்டோலிசுமாப் எனும் இன்னொரு உயிரியல் மருந்துக்கு இல்லை. அதனால் அது கடப்பதே அரிது.

கடைசி மாதங்களில் மருந்து இப்படிக் குழந்தைக்குப் போவதைப் பார்த்துத்தான் முன்பு நடு மூன்று மாதங்களின் முடிவில் ஊசியை நிறுத்தும் பழக்கம் இருந்தது. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய பியானோ ஆய்வு, 1,490 கர்ப்பங்களின் விவரத்தை 2021இல் வெளியிட்டது. உயிரியல் மருந்தோ அசதயோப்ரின் வகையோ எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடவில்லை, தொற்றும் கூடவில்லை. மாறாக, நோய் கிளர்ந்திருந்த தாய்மார்களிடம்தான் கருச்சிதைவு கூடியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத்தான் தொற்று கூடியது. இன்றைய வழிகாட்டுதல்கள் ஊசியைப் பிரசவம் வரை வழக்கமான இடைவெளியிலேயே தொடரச் சொல்வதன் பின்னணி இது. நடுவில் நிறுத்துவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும்போது உடல் அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்புரதம் உண்டாக்கி, அது இனி எப்போதும் பலிக்காமல் போகலாம்.

கர்ப்பகாலக் கண்காணிப்பு: ஏமாற்றும் சோதனைகள்

கர்ப்பமே சில அளவுகளை மாற்றிவிடும். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈஎஸ்ஆர் இயல்பாகவே ஏறும், ஆகவே அதைப் பார்ப்பதில் பயனில்லை. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபினும் ஆல்புமினும் இறங்கும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான சிஆர்பி சற்று ஏறலாம். நம்பத்தக்கது மலக் கால்ப்ரோடெக்டின்தான், கர்ப்பம் அதைப் பெரிதாக அசைப்பதில்லை. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒருமுறையாவது பார்ப்பது வழக்கம். ஒரு கிராம் மலத்தில் 250 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் அறிகுறி இல்லாவிட்டாலும் கவனிக்க வேண்டும்.

குடலைப் பார்க்க வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் முதல் தேர்வு. ஏறக்குறைய 20 வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பை மறைப்பதால் அது கடினமாகும். எம்ஆர்ஐ எடுக்கலாம், கடோலினியம் சாயம் வேண்டாம். மலக்குடலையும் அதற்கு மேலுள்ள வளைவையும் மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபியை, மயக்க மருந்து இல்லாமல், இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, எந்த மாதத்திலும் செய்யலாம்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு முன்சூல்வலிப்பு, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவு ஏறுவதைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கப் பரிந்துரைக்கிறார்கள். வலிநிவாரணிகள் குடலைக் கிளறும் என்று கேட்டவர்கள் இதற்கும் தயங்குவார்கள். இந்தச் சிறிய அளவு ஃப்ளேரைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

மாத்திரையாக எடுக்கும் இரும்புச்சத்து வயிற்றைக் கலக்கினாலோ ஹீமோகுளோபினை ஏற்றாவிட்டாலோ, முதல் மூன்று மாதம் கழிந்ததும் ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம்.

ஃப்ளேர் வந்தால்

மலத்தில் ரத்தம் வந்ததும் "கர்ப்பத்தில் மூலம் சகஜம்தானே" என்று விட்டுவிடுவதால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். மூலத்தில் ரத்தம் மலத்தின் மேல் ஒட்டியோ தனியாகச் சொட்டியோ வரும். ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கும் இருந்தால் அது மூலமல்ல.

1. முதலில் தொற்றை விலக்க வேண்டும்: குறிப்பாக குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமிக்கான மலப் பரிசோதனை.
2. மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் மெசலமைனை முழு அளவுக்கு உயர்த்தி, எனிமாவையும் சேர்ப்பார்கள்.
3. அடங்காவிட்டால் ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிட்டால் காலம் கடத்தாமல் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசியைக் கர்ப்பத்திலேயே தொடங்கலாம்.
4. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி அவசியம். கர்ப்பம், அழற்சி, படுக்கை மூன்றும் சேர்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு மிக அதிகம்.
5. குடல் ஓட்டை, அடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு எந்த மாதமானாலும் அறுவைதான். "பிரசவம் முடியட்டும்" என்று காத்திருப்பது இரண்டு உயிரையும் பணயம் வைப்பது.

பிரசவம் எப்படி?

நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரமோ சீழ்க்கட்டியோ தற்போது கிளர்ந்திருந்தால் சிசேரியன்தான் சரி. கிழிசல் ஏற்பட்டால் அது ஆறாமல் புதிய பௌத்திரமாகலாம். பவுச் உள்ளவர்களுக்கு ஆசனவாய்த் தசை ஒன்றே மலக்கட்டுப்பாட்டின் ஆதாரம் என்பதால், சிசேரியனை அறுவை மருத்துவரோடு சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். வயிற்றில் ஸ்டோமா (மலம் பைக்குள் வெளியேற அறுவையால் அமைத்த திறப்பு) உள்ளவர்கள் சுகப்பிரசவமாகவே பெறலாம். வயிறு பெரிதாகும்போது ஸ்டோமாவின் அளவு மாறும், பையின் துளையை அதற்கேற்ப வெட்ட வேண்டும்.

பிறந்த பிறகு: பால், ஊசி, தடுப்பூசி

சுகப்பிரசவத்துக்கு 24 மணி நேரம் கழித்தும், சிசேரியனுக்கு 48 மணி நேரம் கழித்தும், தொற்று இல்லையென்றால் உயிரியல் மருந்தை மீண்டும் தொடரலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஃப்ளேர் வருவதற்கு முக்கியக் காரணம், "பால் கொடுக்கிறேனே" என்று தாயே மருந்தை நிறுத்திவிடுவது. மெசலமைன், அசதயோப்ரின், பிரெட்னிசலோன், உயிரியல் மருந்துகள் அனைத்தோடும் தாய்ப்பால் கொடுக்கலாம். ஊசி மருந்து பாலில் மிகச் சொற்பமே வருகிறது, வருவதும் குழந்தையின் வயிற்றில் செரித்துவிடும். மெத்தோட்ரெக்சேட், ஜாக் தடுப்பு மாத்திரைகள், ஓசானிமோட் எடுத்தால் மட்டும் பால் கொடுக்கக் கூடாது.

குழந்தையின் தடுப்பூசி அட்டவணையில் மாறுவது மிகக் குறைவு. உயிரற்ற தடுப்பூசிகள் எல்லாம் உரிய நாளில் போடலாம். ரோட்டா வைரஸ் சொட்டுமருந்தை முன்பு தள்ளிப்போட்டார்கள், அண்மைய வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. காசநோய்க்கு எதிரான உயிருள்ள தடுப்பூசியான பிசிஜி மட்டும் விதிவிலக்கு. வயிற்றிலிருக்கும்போது இன்ஃப்ளிக்சிமாப் சேர்ந்த ஒரு குழந்தை, பிசிஜி போட்ட பின் அந்தக் கிருமியே உடலெங்கும் பரவி இறந்தது 2010இல் பதிவாகியிருக்கிறது. மருந்து குழந்தையின் ரத்தத்திலிருந்து முழுதும் வெளியேற 6 மாதம் முதல் 12 மாதம் வரை ஆகலாம். பிறந்த அன்றே பிசிஜி போடுவது வழக்கமாக உள்ள இடங்களில், பிரசவ அறையில் இருப்பவர்களுக்குத் தாய் எடுத்த ஊசி தெரிந்திருக்காது. கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்திலேயே மருந்தின் பெயரையும், கடைசியாகப் போட்ட தேதியையும், "பிசிஜி இப்போது வேண்டாம், குழந்தை மருத்துவரைக் கேட்கவும்" என்ற வரியையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.